அணையவிடாத அடுப்பு

மரியநாதபுரம், திண்டுக்கல்
9 அக்டோபர் 2023

அல்போன்சாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. விட்டுவிட்டேன்.

அப்பா விழுந்துவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் உணர்ச்சியே இல்லாமல் கிடக்கின்றன. பேச்சும் போய்விட்டது. 'ஒட்டன்சத்திரம், பழனி, ஏறு ஏறு' என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கூவிய கண்டக்டர் ஆரோக்கியதாஸ், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சுகர் வேறு இருக்கிறது.

உனக்குப் போன் செய்யாமல் இல்லை. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒரு வகையில் கடிதம்தான் நல்லது. போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன்.

அப்பா உன்னைக் கேட்டார் என்று எழுதினால் உடனே கிளம்பி வருவாய். ஆனால் அது பொய். அவர் கேட்கவில்லை. நீ அந்த மலைக்காரனைக் கட்டிக்கொண்டு போன பிறகு இந்த வீட்டில் உன் பெயரை யாரும் சொன்னதில்லை. ஜூன் மாதம் மலையிலிருந்து கல் உருண்டு வண்டியோடு உன் புருஷன் போய்விட்டார் என்று சேதி வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான். நானும் வரவில்லை. அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

இப்போது கேட்பது நான். தனியாக முடியவில்லை. பகலில் பக்கத்துத் தெரு மூக்காயி வந்து பார்த்துக்கொள்கிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு, வேடசந்தூரில் மில் ஆட்கள் நெரிசலில் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். அப்பாவைப் புரட்ட ஒரு ஆள் போதாது. நீ நர்ஸ். சண்டிகரில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பார்த்தவள்.

உன் புருஷனும் போன பிறகு அங்கே உனக்கு என்ன இருக்கிறது? பிள்ளையா, குட்டியா? நவம்பரில் கணவாய் பனியில் மூடிவிடும் என்று நீதான் முன்பு ஒரு கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தாய். மூடுவதற்குள் வந்துவிடு.

ஜோஸ்பின்

•

தன்வாஸ், பாங்கிப் பள்ளத்தாக்கு, இமாச்சலம்
5 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை கடைசி ஜீப் போனது. நான் ஏறவில்லை.

இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நீ படிக்காமல் போகலாம் என்று தெரியும். ஆனாலும் சுற்றி வளைக்க மனசு வரவில்லை. உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூட்டை கட்டினேன், அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். இன்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றார். வாசலில் நின்று கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டேன்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். ஒரு அடுப்பு.

இங்கே அதைத் தந்தூர் என்கிறார்கள். நம் ஊர் ஹோட்டலில் ரொட்டி சுடுவார்களே, அது இல்லை. வீட்டு நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் சின்னக் கதவு. அதற்குள் விறகு. மேலே சமையல். புகை போக ஒரு தகரக் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வீடு என்பது அந்தப் பெட்டியைச் சுற்றி இருக்கிற இடம்தான். அது அணைந்தால் குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடும், எண்ணெய் கெட்டியாகிவிடும், வயசானவர்களுக்கு மூச்சு இழுக்கும். அதனால் அணைய விடுவதில்லை. வேளாவேளைக்கு விறகு போட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். குழாயில் கரி அடைத்தால் கூரைமேல் ஏறிக் கழற்றித் தட்ட வேண்டும். தேவதாரு மரம் குப்பென்று பற்றும், ஆனால் பிசின், குழாயை அடைத்துவிடும். இன்னொரு கெட்டி மரம் உண்டு, தமிழில் பெயர் தெரியவில்லை, அதுதான் நின்று எரியும். அதைக் காட்டிலிருந்து முதுகில் சுமந்து வர வேண்டும். கோடை முழுவதும் ஆண்கள் செய்கிற வேலை அது. இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஆண் இல்லை.

மாஜிக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆகஸ்டில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. குனிய முடியாது. அவளைக் கீழே எங்காவது கூட்டிப்போகலாம் என்றால் மகன் கட்டிய வீட்டை விட்டு அசைய மாட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு கணவன் மனைவி இருக்கிறார்கள், நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கு அவர்கள் அடுப்பு இருக்கிறது. பனி கொட்ட ஆரம்பித்தால் பத்தடி தள்ளி இருக்கிற வீடே வேறு ஊர் மாதிரி.

பாசத்தில் இருக்கிறேன் என்று நினைக்காதே. அவளுக்கு என்னைப் பிடிக்காது. என்னைக் கட்டிய பிறகுதான் மகன் வண்டி வாங்கினான், அந்த வண்டியோடுதான் போனான் என்று கணக்கு வைத்திருக்கிறாள். ஜீப் போன பிறகு, "ஏன் போகல? நான் என்ன உன்னைக் கட்டியா போட்டேன்?" என்றாள். போயிருந்தால் கிறிஸ்துமசுக்குள் அவள் விறைத்துப் போவாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அப்பாவுக்கு நீ இருக்கிறாய். அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்தேன். அது நியாயமா என்று கேட்காதே.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வை. முதுகிலும் குதிகாலிலும் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் பார். தண்ணீரை ஸ்பூனில் கொடு, தலையைத் தூக்கி வைத்துக் கொடு. சுகர் மாத்திரையை விடாதே.

இங்கே டவர் பனியில் படுத்தால் மாதக்கணக்கில் எழாது. இனிக் கடிதம்தான். வானம் தெளிந்தால் ஹெலிகாப்டர் வரும், அதில் தபால் போகும்.

உன் தங்கை
அல்போன்சா

•

மரியநாதபுரம்
27 நவம்பர் 2023

நர்சம்மாவுக்கு,

உங்கள் குறிப்புகள் கிடைத்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டவும். ஸ்பூனில் கொடுக்கவும். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, நடுவில் ஓடி வந்து புரட்டிவிட்டுப் போகிறேன். சரிதானா?

ஒரு அடுப்புக்காக அப்பாவை விட்டாய். அதை இரண்டு பக்கம் எழுதியும் அனுப்பினாய். படித்து முடித்துவிட்டு மூக்காயியிடம் சொன்னேன். அவள், "அந்தக் கெழவிக்கும் யாராச்சும் வேணும்ல டீச்சர்" என்றாள். எனக்கு இந்த வீட்டில் ஒருத்தரும் பரிந்து பேச இல்லை.

நீ போனதற்கு விலை கொடுத்தது நான்தான். உனக்குத் தெரியுமோ என்னவோ, சேதி பரவிய மாதமே பேகம்பூரிலிருந்து வந்து பேசி முடித்த இடம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா கோயில் வாசலில் வைத்தே சொன்னாள். "தங்கச்சி இப்புடின்னா அக்கா எப்புடியோ." அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவள் நான். அதன் பிறகு அவர் யாரிடமும் எனக்கு வரன் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. நீ அங்கே கல்யாணம் முடித்து, மலை, பனி, ஆப்பிள் என்று கார்டு அனுப்பினாய். அப்பா பார்க்குமுன் அவற்றை நான்தான் எடுத்து வைப்பேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அடுப்பினால் வந்தது இல்லை. நீ எப்போதும் யாருக்காவது வேண்டியவளாகப் போய்விடுகிறாய். நமக்கு மட்டும் இல்லை.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குக் குளிர்கிறது. நம் ஊர்ப் பனி உனக்குத் தெரியும், விடியற்காலையில் சிறுமலை தெரியாமல் மூடும், எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். அதற்கே அவர் நடுங்குகிறார். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. மூக்காயி, "கால் ரெண்டும் சில்லுனு கெடக்கு டீச்சர். செத்த நேரம் தேச்சு விட்டா நல்லாருக்கு, மறுபடி அப்புடியே ஆயிருது" என்கிறாள். அவள் புருஷன் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனபோது ஒரு கறுப்புக் கம்பளி வாங்கி வந்து கொடுத்தார். அதுவும் போதவில்லை.

நீ அங்கே அவ்வளவு குளிரில் ஒரு கிழவியைக் காப்பாற்றி வைத்திருக்கிறாயே. அப்பாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது. இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஜோஸ்பின்

•

தன்வாஸ்
16 டிசம்பர் 2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. ஹெலிகாப்டர் நாளை திரும்பினால் இது அதில் போய்விடும், அதனால் உடனே எழுதுகிறேன். திட்டியதற்கெல்லாம் பிறகு வருகிறேன். முதலில் அப்பாவின் விஷயம்.

தலைக்குக் குல்லா, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே மெல்லிய பருத்தி, மேலே கம்பளி. போர்வையை அவர் மேல் போடுவதற்கு முன் வெயிலில் காய வைத்துச் சூடாக்கிப் போடு. கஞ்சி, ரசம், எதுவானாலும் வெதுவெதுப்பாகக் கொடு. ஆனால் சூடான எதையும் அவர் உடம்பில் நேராக வைக்காதே. வெந்நீர்ப் பை வேண்டாம், செங்கல் வேண்டாம், தவிட்டு ஒத்தடமும் வேண்டாம். முக்கியமாக வலது பக்கம். அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை. சுட்டால் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வாய் இல்லை. சுகர் இருப்பதால் புண் ஆறாது. மூக்காயியிடமும் சொல்லி வை. இதை இரண்டு தரம் படி.

இப்போது இங்கே.

போன வாரம் கூரையிலிருந்து மொத்தப் பனியும் சரிந்து விறகுக் கொட்டகைமேல் விழுந்துவிட்டது. தோண்டிப் பார்த்தேன், கையை விட்டுத் துழாவினேன், உறைந்த கட்டிதான். எடுத்த ஒன்றிரண்டும் நனைந்திருந்தன. ஈர விறகைப் போட்டால் எரியாது, அழும். அறை முழுக்கப் புகை. மாஜி இருமி இருமி நீலம் பாரித்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. இந்தப் புகையில் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அவளைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு ஆறியது. தொட்டுப் பார்த்தால் உயிர் போன உடம்பு மாதிரி.

நான் மாட்டுத்தொழுவத்துக் கதவைப் பெயர்த்து எடுத்து வந்தேன். பசுவை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது. அது ஒரு பகலுக்கு வந்தது. அடுத்த நாள் காலை எதை எரிப்பது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஜி கைத்தடியால் மூலையைக் காட்டினாள். அங்கே அவள் மகன் தேஸ்ராஜின் கட்டில் நிற்கிறது. அவர் போன நாளிலிருந்து அதில் யாரையும் உட்காரக்கூட விட்டதில்லை அவள். விரித்த விரிப்பு விரித்தபடி இருந்தது.

"அதை எடு."

"மாஜி, வேண்டாம். பக்கத்து வீட்ல கேக்குறேன்."

"அவங்களுக்கே பத்தாது. எடு. அவன் இனிமே வந்து படுக்கப் போறதில்ல."

கோடரியை நான்தான் போட்டேன். முதல் வெட்டில் கை வழுக்கியது. அவள் விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக வாங்கி, அதன் ஆணிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, அடுப்புக்குள் தள்ளினாள். காய்ந்த மரம். நன்றாக எரிந்தது, தோண்டி எடுத்த ஈர விறகு அடுப்பைச் சுற்றிக் காயும்வரை தாங்கியது. அறை சூடானது. அந்தச் சூட்டில் கை விரல்களுக்கு உயிர் வந்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது, அக்கா. அவர் படுத்த கட்டிலில் குளிர் காய்கிறேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பேகம்பூர் வரன் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வரி எழுதினேன், மிகவும் சின்னதாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன்.

அல்போன்சா

வலது பக்கம் எதையும் சூடாக வைக்காதே.

•

மரியநாதபுரம்
21 ஜனவரி 2024

அல்போன்சா,

அப்பா புதன்கிழமை காலையில் போய்விட்டார். வியாழன் மாலை அடக்கம். அதற்கு முன்பே சாமியார் வந்து எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்திருந்தார். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கண்டக்டர் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. சிம்லாவில் ஏதோ ஆபீஸ் நம்பர் வாங்கி அதற்கும் சொன்னேன். சேதி சேர்ந்ததா என்று தெரியாது.

எப்படி என்று எழுதுகிறேன். உன்னிடம் மட்டும்.

உனக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். டிசம்பர் நடுவில் ஒரு நாள் குளிர் அதிகம். அப்பா இடது கையால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். புரட்டினேன், தட்டினார். காலைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ். மருந்துக்கடையில் ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கி வந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, அய்யலூர்க் கம்பளியால் இறுகச் சுற்றினேன். தட்டுவதை நிறுத்தினார். தூங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் உதவி இல்லாமலே செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன்.

காலையில் மூக்காயிதான் கம்பளியைப் பிரித்தாள். "டீச்சர், இங்கிட்டு வாங்க. ஐயா காலைப் பாருங்க."

வலது குதிகாலில் கொப்புளம் பலூன் மாதிரி நின்றது. அவர் என்னைப் பார்த்தார். வலிக்கிற முகம் இல்லை அது. ஒன்றும் தெரியாத முகம்.

கட்டுப் போட்டேன். தெருவில் இருக்கிற டாக்டர் மருந்து கொடுத்தார். ஆறும் போலத்தான் இருந்தது. பிறகு ஓரம் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. பொங்கலுக்கு முந்தின வாரம் உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். உள்ளே டாக்டர்கள் காலை எடுக்கலாமா, உடம்பு தாங்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது.

இரண்டு தரம் படி என்று எழுதியிருந்தாய். பல தரம் படித்துவிட்டேன்.

நீ வந்திருந்தால் இது நடந்திருக்காது. 

ஜோஸ்பின்

•

தன்வாஸ்
24 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

எப்போதாவது நல்ல சேதி எழுத வாய்க்கிறது. வருகிறேன்!

பக்கத்து வீட்டுக் கூரை பனிப் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. கணவனும் மனைவியும் சட்டி பானை, மிச்ச விறகு எல்லாவற்றோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஒரே அடுப்பு, நான்கு பேர். அவர்கள் ஏப்ரல் வரை இங்கேதான். அடுப்பைப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டது. மாஜியே நேற்று, "நீ போய் உங்க அப்பனப் பாரு. இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்காதே" என்றாள். அவள் வாயில் இது ஆசீர்வாதம் மாதிரி.

ஹெலிகாப்டரில் பெயர் கொடுத்திருக்கிறேன். நோயாளிகள் போக மிச்சம் இருந்தால் இடம். பிப்ரவரி முதல் பாதிக்குள் கிடைக்கும் என்கிறார்கள். டவர் இன்னும் எழவில்லை. சண்டிகர் சேர்ந்ததும் போன் செய்கிறேன்.

கீழே இருப்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. பிடிக்கவில்லை என்றால் சட்டத்தைத் தட்டுவார், நிறுத்திவிடு.

அப்பா, நான் அல்போன்சா. உங்களுக்குக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். நான் வந்து காலைப் பிடித்து அழ மாட்டேன். உங்களைப் புரட்டுவேன், குளிப்பாட்டுவேன், நகம் வெட்டுவேன். அதற்கு நீங்கள் என்னோடு பேச வேண்டியதில்லை. நான் நர்ஸ் வேலையில் பழகியவள், பேசாதவர்களோடு நிறைய இருந்திருக்கிறேன். ஒன்று மட்டும். சின்னதில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோது டூட்டிக்குப் போகாமல் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். உங்கள் சட்டையில் டிக்கெட் மை வாசம் அடித்தது. இங்கே குளிர் பொறுக்காத சமயங்களில் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அக்கா, எனக்காக ஒன்றும் செய்து வைக்காதே. தரையில் படுத்துக்கொள்கிறேன்.

அல்போன்சா

•

மரியநாதபுரம்
9 பிப்ரவரி 2024

அல்போன்சாவுக்கு,

என் ஜனவரிக் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ எழுதிய தேதியில் அப்பா மண்ணுக்குள் இருந்தார்.

அவருக்கு எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாய். கல்லறைக்கு எடுத்துப் போனேன். பையிலிருந்து வெளியே எடுத்தேன். பக்கத்தில் வேறு ஒரு குடும்பம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. வாசிக்காமலே மடித்து வைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நீ கிளம்பியிருந்தால் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது. கிளம்பாமல் இருந்தால், தயவுசெய்து கிளம்பாதே. முதலில் நான் கேட்பதற்குப் பதில் எழுது. அதற்கு முன் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

இங்கே எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லப் போனால் சாமியார், "ஆயிரத்தில் ஒரு மகள்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்டரஸ் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிப் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இதயம் நின்றது என்று போட்டிருக்கிறது. கொப்புளம் எப்படி வந்தது என்று மூக்காயிக்கு மட்டும் தெரியும். அவள், "விடுங்க டீச்சர், அவுக விதி, நீங்க என்ன வேணும்னா செஞ்சீக?" என்கிறாள். அவள் நல்லவள், அதனால் அவள் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. டாக்டரிடம் கேட்கத் தைரியம் இல்லை. நீ படித்தவள். என் மேல் உனக்குப் பயமும் இல்லை, பெரிய பிரியமும் இருக்க நியாயம் இல்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

என்னால்தான் போனாரா?

ஆறுதல் வேண்டாம். ஆமாம், அல்லது இல்லை.

நீ வந்திருந்தால் என்று எழுதியது கோபத்தில். ஆனால் அதை அடிக்கப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜோஸ்பின்

•

தன்வாஸ்
14 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

அப்பாவின் சேதி எனக்கு ஹெலிகாப்டர் தளத்தில் கிடைத்தது. அன்று இடம் கிடைத்து, பையோடு பனியில் நின்றுகொண்டிருந்தேன். வந்த ஹெலிகாப்டரிலிருந்து தபால் மூட்டையை இறக்கினார்கள். தபால்காரர் என்னைத் தெரிந்தவர், அங்கேயே பிரித்து உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். விசிறிக் காற்றில் தாள் பறந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தேன். ஏறுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். யாரைப் பார்க்கப் போவது?

வீட்டுக்குத் திரும்பி நடந்தது ஞாபகம் இல்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டார் தங்கள் கூரையைப் பார்க்கப் போயிருந்தார்கள். விறகு போடவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது கண்ணெதிரில் சிவப்பிலிருந்து கறுப்பாகிக்கொண்டிருந்தது. மாஜி அந்த இடுப்போடு தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், விறகைத் தள்ளி, குனிந்து ஊதினாள். மூச்சு வாங்கியது. பற்றிய பிறகு பானையை ஏற்றி டீ போட்டு என் பக்கம் நகர்த்தினாள். "அப்பனா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தன் சால்வையில் பாதியை என் மேல் போட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உன் இரண்டாவது கடிதம் போன வாரம் வந்தது. பதிலுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் வயசு, பக்கவாதம், சுகர் என்று என்னென்னவோ வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களுக்குச் சொல்கிற பேச்சு. உனக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

ஆமாம் அக்கா.

அந்தக் கொப்புளம் புண்ணானது, புண் அழுகியது, விஷம் ரத்தத்தில் கலந்தது, இதயம் நின்றது. வெந்நீர்ப் பை வைக்காமல் இருந்திருந்தால் இந்த ஜனவரியில் அப்பா போயிருக்க மாட்டார். இன்னும் எவ்வளவு காலம் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று எழுதியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய். பிறகு நான் எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாய்.

இன்னொரு ஆமாமும் இருக்கிறது. அதை நீயே எழுதிவிட்டாய், அடிக்கவும் மாட்டேன் என்கிறாய். அடிக்காதே. அந்த ஜீப்பில் நான் ஏறியிருந்தால் அந்தப் பையை உன் கையிலிருந்து பிடுங்கி எறிந்திருப்பேன். அப்பா இருந்திருப்பார், மாஜி இருந்திருக்க மாட்டாள். இதில் எந்த வீட்டை விட்டது சரி என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. எனக்கு விடை கிடைக்கவில்லை. நீ செய்தது அவர் குளிரில் நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல். நான் செய்தது, இங்கே ஒருத்தி நடுங்குவாள் என்று தெரிந்து போக முடியாமல். இரண்டு பேரும் சூடு வைக்கத்தான் போனோம்.

அவர் அன்று தூங்கினார் என்று எழுதியிருந்தாய். அதையும் நம்புகிறேன்.

ஆயிரத்தில் ஒரு மகள் என்று சாமியார் சொன்னால் கேட்டுக்கொள். அதுவும் பொய் இல்லை. புகழ்ச்சியைத் தாங்க முடியாதபோது எனக்கு எழுது. நடந்தது தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

ஏப்ரல் கடைசியில் பாதையைத் திறப்பார்கள். மே முதல் வாரம் திண்டுக்கல் வருகிறேன். செப்டம்பரில் திரும்பி வந்துவிடுவேன், இந்த வருஷம் விறகு சேர்க்க வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு இதற்காகச் சண்டை வேண்டாம்.

நீ என்னைப் பார்க்க முடியாது என்று சொன்னாய். அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். ரயில் காலையில் வரும். எந்த நாள் என்று டெல்லியிலிருந்து போனில் சேதி அனுப்புகிறேன், நீ எடுக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். நீ வரவில்லை என்றால் கோபப்பட மாட்டேன். ஆட்டோ பிடித்து நேரே கல்லறைக்குப் போய், அங்கிருந்து ஏதாவது லாட்ஜுக்குப் போய்விடுவேன்.

வந்தால், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். கல்லறைக்கு மறுநாள் போகலாம்.

உன் தங்கை
அல்போன்சா